ஆப்பிள் அட்டை

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் தகரக் கொட்டகைக்குச் சேவை மையம் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து இளவட்டங்கள் கோஷ்டி கோஷ்டியாக வந்து எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு கோஷ்டிக்கு இரண்டு வாரம். வந்த அன்று எங்கள் வீடுகளைப் பார்த்து அழுவார்கள். கிளம்புகிற அன்று எங்கள் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இங்கே வந்ததில் தங்கள் வாழ்க்கையே மாறிவிட்டது என்று தவறாமல் சொல்வார்கள். மாறட்டும், நன்றாக இருக்கட்டும். எங்கள் தெருக் குழாயில் மட்டும் இன்னும் காற்றுதான் வருகிறது.

ஒவ்வொரு கோஷ்டியும் முதலிலிருந்துதான் தொடங்கும். ஆப்பிள் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி, ஏ ஃபார் ஆப்பிள். பந்து, பூனை என்று நகர்ந்து யானையைத் தொடுவதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். அடுத்த கோஷ்டி வந்து மறுபடி ஆப்பிளைத் தூக்கும். ஆப்பிளைத் தின்று பார்த்த பிள்ளை எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது என்பது வேறு விஷயம்.

என் மகளை எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஏழு. அட்டைக் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தே எல்லா எழுத்தையும் பிடித்துக்கொண்டாள். நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். மடித்த துணியைச் சுற்றுவதற்கு வைத்திருக்கும் இங்கிலீஷ் பேப்பரைக் கூட்டிக் கூட்டிப் படித்து, இப்போது தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். பாதி அவளுக்கே புரியாது, எனக்கு ஒன்றுமே புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டே இஸ்திரி போட்டால் கை வலி தெரியாது.

ஒருநாள் ஆப்பிளைத் தூக்கியதும் கடைசி எழுத்துவரை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டாள். பாடம் சொல்ல வந்த பெண் முகம் தொங்கிப்போய் உள்ளே ஓடி அழுதாளாம். மைய நிர்வாகி எனக்கு ஆள் அனுப்பினார். போட்டோவுக்காக எந்நேரமும் பிள்ளைகளை "சிரி, சிரி" என்று விரட்டுவதால் அவர் எங்களுக்குச் சிரிப்பு சார்.

"பாவம்மா, அவ்ளோ தூரம் பறந்து வந்திருக்காங்க. எல்லாம் தெரியும்னு சொல்லிட்டா அவங்க எதுக்கு? கொஞ்சம் முழிக்கச் சொல்லுங்க."

அன்றிலிருந்து வாயாடிக்கு அந்த நாடகம் அத்துப்படி. புருவத்தைத் தூக்குவாள், வாயைப் பிளப்பாள், உதட்டைக் கடித்துத் திணறுவாள். அவர்கள் சொல்லிக் கொடுத்ததும் "ஏ..." என்று இழுத்துச் சொல்லிவிட்டுக் கைதட்டிக் குதிப்பாள். வந்தவர்கள் பூரித்துப்போவார்கள். நன்றாகத் திணறுகிற பிள்ளைக்குச் சிரிப்பு சார் க்ரீம் பிஸ்கட் கொடுப்பார். அந்த பாக்கெட்டை அவள் ஒருநாளும் வேறு பிள்ளைக்கு விட்டதில்லை.

இந்த வருஷம் மெயின் ரோட்டுப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளை ஒன்றுக்கு இலவசமாக இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் மகளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு? அவள் சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். இது கிடைக்காவிட்டால் கொட்டகைதான் கதி என்று எனக்குத் தெரியும்.

தலைமை ஆசிரியை நல்ல மாதிரிதான். குனிந்து, கன்னத்தைத் தட்டி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துத் தூக்கிக் காட்டினார். ஆப்பிள்.

வாயாடியின் புருவம் மேலே போயிற்று.

"இது என்ன எழுத்து, கண்ணு?"

வாயைப் பிளந்தாள். உதட்டைக் கடித்தாள். பிரமாதமாகத் திணறினாள்.

"மேடம், இவளுக்கு எல்லாம் தெரியும். பேப்பரே படிப்பா."

"எல்லா அம்மாவும் இதைத்தாம்மா சொல்றாங்க." பிறகு அவள் பக்கம் திரும்பி, "இது ஏ. எங்க, சொல்லு?"

"ஏ..." என்று இழுத்தாள். கைதட்டிக் குதித்தாள்.

நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சனியனே, வாசிடி!"

அவள் என் காதில் கிசுகிசுத்தாள். "சும்மா இரும்மா. உடனே சொன்னா அவங்க அழுவாங்க."

தலைமை ஆசிரியை அட்டையை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். "இப்பதான் முதல் எழுத்தே கத்துக்கறா. அடுத்த வருஷம் பாக்கலாம். உங்க பக்கம் வெளிநாட்டுக்காரங்க வந்து இலவசமா சொல்லித் தராங்களாமே, அங்க அனுப்புங்க. அடிப்படை நல்லா வரும்."

சிரிப்பு சாரை மனசுக்குள் என்னென்ன வார்த்தை சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"நல்லா பண்ணினேன்ல? ஏம்மா பிஸ்கட் குடுக்கல?"

கேட்டுக்கு மேலே நீளமாக ஒரு இங்கிலீஷ் போர்டு இருந்தது. அவள் தலையைத் தூக்கி, பள்ளிக்கூடத்தின் பெயரிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒரே மூச்சில் கணீரென்று வாசித்தாள். நடுரோடு என்றுகூடப் பார்க்காமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

வாயாடி முந்தானையை விலக்கிப் பார்த்தாள்.

"பாத்தியா? இதுக்குத்தாம்மா நான் உடனே சொல்றதில்ல."