ஒரு கை விதை

வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்கத்தான் பத்துமலை அடுக்களைக்குள் வந்தார். டின்னிலிருந்து பித்தளைக் கிண்ணத்தில் அள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, குழாயடியில் இருந்த எனாமல் தட்டு கண்ணில் பட்டது. தட்டின் நடுவே ஒரு துணி முடிச்சு. அவருடைய பழைய கைலியில் கிழித்த துண்டுதான். மனைவி பாப்பா நேற்றுக் காலையில் போட்ட முடிச்சு அது.

விரலால் தொட்டுப் பார்த்தார். மேல்புறம் காய்ந்திருந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து முடிச்சின் மேல் ஊற்றினார். துணி மெல்ல நிறம் மாறியது.

"தம்பி, அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. இங்க என்ன பண்ற?"

அக்கா ராக்காயி கதவோரம் நின்றாள். தம்பிக்கு இருப்பது இந்த ஒரு அக்காதான். சுங்காயிலிருந்து நேற்று மத்தியானமே பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததிலிருந்து சாவு வீட்டின் சாங்கியம் எல்லாம் அவள் வாயிலிருந்துதான் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

"அரிசி எடுக்க வந்தேன்க்கா."

"எடுத்தாச்சுல்ல, வா."

கூடத்தில் பாப்பா சிவப்புச் சேலையில் கிடந்தாள். சுமங்கலியாகப் போகிறவள் என்று நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. முகத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். இவ்வளவு மஞ்சள் அவள் ஒருநாளும் பூசியதில்லை என்று பத்துமலைக்குத் தோன்றியது. மூன்று முறை அரிசி போட்டார். மகள் நவமணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். அவருக்கு அழுகை வரவில்லை. குழாயைச் சரியாக மூடினோமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் பலகைத் தொழிற்சாலையில் ஜாகா வேலை, வாசல் காவல், முடிந்து வந்து, வானொலியில் பந்து விளையாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாப்பா வீட்டுக்குப் பின்னால், பத்தடி அகல மண்ணில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். ஆடி பிறந்து ஒரு வாரம். அவரையை இப்போது ஊன்றினால்தான் தைப்பொங்கலுக்குக் காய் இருக்கும். அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் என்பாள் அவள். ஈப்போவில் பகல் எங்கே குறுகுகிறது என்று அவர் கேட்டால், "செடிக்குத் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது" என்பாள்.

"ஏங்க, ஹார்லிக்ஸ் போத்தல்ல அவரை விதை இருக்கு. ஒரு சட்டியில தண்ணி ஊத்திப் போடுங்களேன். என் கையெல்லாம் மண்ணு."

அவர் எழுந்து போய்ப் போட்டார். போத்தலைக் கவிழ்த்துத் தட்டி, ஒட்டியிருந்ததையும் சேர்த்துப் போட்டார். கறுப்பு விதைகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு.

கை கழுவிவிட்டு வந்தவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு காலி போத்தலைப் பார்த்தாள்.

"எல்லாத்தையுமா போட்டீங்க?"

"நீதான போடச் சொன்ன."

"ஒரு கைன்னு சொன்னேன்ல. மிச்சம் வைக்காம எவனாச்சும் விதை ஊறப்போடுவானா? மழை அடிச்சுட்டுப் போனா? நத்தை தின்னுட்டா? மறுபடி எங்க போயி நிக்கிறது?"

"பாசார்ல வாங்கிக்கலாம் லா."

"வாங்குவீங்க, வாங்குவீங்க. பாசார்ல கிடைக்கிறதா இது?"

அது சுங்காய்த் தோட்டத்து விதை. எழுபத்தாறில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, லயத்து வீட்டிலிருந்து இந்த ஜெலாப்பாங் வீட்டுக்கு வந்த லாரியில் பாப்பா மடியில் வைத்துக் கொண்டுவந்த போத்தல். ஒவ்வொரு வருடமும் முதலில் காய்க்கும் நாலைந்து கொத்தில் சிவப்பு நூல் கட்டிவிடுவாள். நூல் கட்டியதை யாரும் பறிக்கக்கூடாது. கொடியிலேயே முற்றி, காய்ந்து, உள்ளே விதை குலுங்க வேண்டும். பொங்கலுக்கு வந்த நவமணி தெரியாமல் ஒருமுறை பறித்துவிட்டு, "செடிக்குக் கல்யாணம் ஆனதை எனக்கு யாரும் சொல்லலையே" என்று சிரித்தாள். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கை என்று சொன்னாளா? இரண்டு நாளாக அவர் அதைத்தான் யோசித்துப் பார்க்கிறார். வானொலியின் சத்தம் நினைவுக்கு வந்தது. அவள் குரலும் வந்தது. ஒரு கை என்ற சொல் மட்டும் வரவில்லை.

இரவு அவள் பேசவில்லை. சனிக்கிழமை காலையில் தண்ணீரை வடித்து, துணியில் முடிந்து, தட்டில் வைத்தாள். கோப்பியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டு மூணு நாள்ல முளை விட்டுரும். உடனே ஊனிடணும், இல்லன்னா அழுகிப் போயிரும். வேலியோரம் இன்னும் கொஞ்சம் குழி வேணும். வேலை விட்டு வந்து வெட்டித் தாங்க."

"ம்."

வேலைக்குக் கிளம்ப அவர் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது அடுக்களையில் பலகை நகர்ந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். அவள் பலகையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு கத்தரினின் காடியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

*

இடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த பிறகு, ஈர வேட்டியோடு நேராக அடுக்களைக்குப் போனார். முடிச்சை அவிழ்த்தார். விதைகள் உப்பி, தோல் வெடித்து, சிலவற்றில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. மறுபடி முடிந்து தண்ணீர் தெளித்தார்.

"அக்கா, இதப் பின்னாடி ஊனிறலாமா?"

ராக்காயி துணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"என்ன தம்பி பேசுற. தீட்டு வீட்டுல எவனாவது விதை போடுவானா? பதினாறு நாள் போகணும். பச்சை மேல நம்ம கை படக்கூடாது. நட்டாலும் கருகிப் போயிரும்."

"பதினாறு நாள் இது தாங்காதுக்கா."

"தாங்காட்டி விடு. அவரை விதைக்கா பஞ்சம்?" சொல்லிவிட்டு, தம்பி முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போயிப் படு. ரெண்டு நாளா நீ கண்ணே மூடல."

அக்கா சொன்னதை மீறி அவர் ஒன்றும் செய்ததில்லை. அதோடு, கருகிப் போயிரும் என்று அவள் சொன்னது எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. பின்வாசலில் நின்று பார்த்தார். சாம்பலும் சாணமும் கலந்து கொத்திப்போட்ட மண், கம்பு நட்டபடி காத்திருந்தது. வேலிக் கம்பியில் போன வருடத்துச் சிவப்பு நூல் வெளிறித் தொங்கியது.

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று சோறும் ரசமும் கத்தரின் வீட்டிலிருந்துதான் வந்தன. திங்கட்கிழமை அவள் தூக்குச்சட்டியோடு வந்தபோது பத்துமலை பின்வாசலில் மறித்தார்.

"கத்தரின், உங்களுக்குத் தீட்டு இல்லல்ல?"

"எங்களுக்கு அதெல்லாம் ஏது அண்ணே."

துணியை விரித்துக் காட்டினார். முளைகள் கால் அங்குலத்துக்கு நீண்டிருந்தன. ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

"உங்க வீட்டுப் பின்னாடி போட்டு வைக்கிறீங்களா? அப்புறமா நான் விதை எடுத்துக்கிறேன்."

கத்தரின் தூக்குச்சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"எங்க பையன் பாஸ்கல் போன மாசம்தான முழுக்க சிமெண்டு போட்டான். காடி நிறுத்தணும்னு. துளசி வைக்கக்கூட இடம் இல்ல அண்ணே." தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பூச்சட்டி ஒண்ணு இருக்கு. அதுல வேணா..."

"அவரைக்குப் பூச்சட்டி பத்தாது."

"பத்தாதுதான் லா."

நவமணியிடம் கேட்டார். அவள் கேமரன் மலையில் ஒரு காய்கறித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். வரும்போதெல்லாம் அம்மாவுக்குப் படம் போட்ட விதைப் பாக்கெட்டுகள் கொண்டுவருவாள். கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட். பாப்பா எல்லாவற்றையும் சலிக்காமல் போட்டுப் பார்த்தாள். கேரட் பச்சை மிளகாய் அளவுக்கு வந்தது. முட்டைக்கோஸ் கடைசிவரை மூடிக்கொள்ளவே இல்லை. "பாவம், இதுக்குப் போர்வை வேணும்" என்று சொல்லிவிட்டு அந்த இலைகளைப் பொரியல் செய்துவிட்டாள்.

"அங்க குளிர்ப்பா. ஒருதடவை அம்மா குடுத்து விட்டாங்க, போட்டேன். பூவே வைக்கல." நவமணி துணியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா எதுக்குப்பா எல்லாத்தையும் ஊறப்போட்டாங்க? போத்தல்ல மிச்சம் வைப்பாங்களே?"

பத்துமலை கையை நீட்டினார். துணியை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தார்.

*

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நாள் பால். காலையில் மருமகன் ராஜு பால் செம்பையும் இளநீரையும் எடுத்துக்கொண்டான். ராக்காயி நவதானியத்தைப் பொட்டலமாகக் கட்டித் தம்பி கையில் கொடுத்தாள்.

"பால் ஊத்திட்டு, இத மேல தூவிட்டு வந்துரணும். திரும்பிப் பாக்காத."

"என்னென்ன இருக்கு இதுல?"

"நெல்லு, கோதுமை, எள்ளு, உளுந்து, பச்சைப்பயறு, துவரை, கடலை, கொள்ளு, மொச்சை. ஏன்?"

"சும்மா கேட்டேன்க்கா."

சட்டையை மாட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டு வந்தார். அக்கா அவரைப் பார்த்தாள். பையிலிருந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் ஈரம் வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தவள், வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பாக்குத் தேட ஆரம்பித்தாள்.

செமோர் போகும் சாலையோரம் இடுகாடு. ராத்திரி மழையில் மேட்டு மண் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. மாலைகள் அழுகிக் கிடந்தன. சாங்கியம் செய்ய வந்த சன்னாசி, மண்ணை வெட்டி அணைத்து மேட்டைச் சரிசெய்தான். சூடம் கொளுத்தினார்கள். பத்துமலை பாலை ஊற்றினார். புதுமண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது.

"இப்ப தானியத்தத் தூவுங்கண்ணே. மொத்தமா வீசிறலாம்."

வீசினார். எள் காற்றில் கொஞ்சம் பறந்தது. அவ்வளவுதான் என்று சன்னாசி மண்வெட்டியைத் தோளில் வைத்தான். பத்துமலை முழங்காலிட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து முடிச்சை எடுத்து மடியில் அவிழ்த்தார்.

"அது என்னண்ணே?"

"மொச்சை மாதிரி ஒண்ணு."

சுட்டுவிரலை முதல் கணு வரைக்கும் மண்ணில் இறக்கினார். குழியில் இரண்டு விதை, முளை கீழ்ப்பக்கம் பார்க்க. மண்ணை மூடி, கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து. அழுத்தி மிதித்துவிடக்கூடாது. பிறகு ஒரு சாண் தள்ளி அடுத்த குழி. இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. வருடா வருடம் வாசற்படியில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டே பார்த்ததுதான்.

"தூவினா போதும் மாமா," என்றான் ராஜு.

"இது தூவுற விதை இல்ல."

தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு வரிசை, திரும்பி ஒரு வரிசை. சன்னாசி மண்வெட்டியை ஊன்றி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து பீடி ஒன்றைப் பற்றவைத்தான். முடிந்தபோது பத்துமலையின் விரல் நகத்தில் மண் அடைத்திருந்தது. கொண்டுவந்த இளநீரில் மிச்சமிருந்ததைக் கையில் வடித்து எல்லாக் குழிமேலும் தெளித்தார். எழுந்திருக்க ராஜு கை கொடுக்க வேண்டியிருந்தது.

பத்தடி போனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சன்னாசி வேறு பக்கம் பார்த்துப் பீடிப் புகையை ஊதினான்.

*

கருமாதி முடிந்த மறுநாள் அவர் வீட்டுப் பின்னாலிருந்த கம்புகளைப் பிடுங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போனார். நத்தை தின்றது போக ஏழு செடிகள் நின்றன. அதன் பிறகு வேலை விட்டு வரும் வழியில் அவர் சைக்கிள் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தது.

தையில் மேடு முழுக்க ஊதாப் பூவும் காயுமாக இருந்தது. பொங்கலுக்கு நவமணி கடையில் வாங்கிய அவரைக்காயைத்தான் சமைத்தாள். இடுகாட்டுக் காயை யாரும் பறிக்கமாட்டார்கள். சிவப்பு நூல் எதற்கும் கட்ட வேண்டியிருக்கவில்லை. மாசி வெயிலில் காய்கள் காய்ந்து குலுங்கத் தொடங்கியபோது, பத்துமலை ஒரு துணிப்பையோடு போய் எல்லாவற்றையும் பறித்து வந்தார். வாசற்படியில் உட்கார்ந்து உரித்தார். ஹார்லிக்ஸ் போத்தல் கழுத்து வரை நிறைந்தது.

ஆடி பிறந்தது. பாப்பாவுக்குத் தலைத்திவசம் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. சாயங்காலம் பின்னால் மண்ணைக் கொத்தி முடித்து, கை கழுவிவிட்டு அடுக்களைக்கு வந்தார். வானொலி அணைந்திருந்தது. சட்டியில் தண்ணீர் ஊற்றினார். போத்தலைத் திறந்து சாய்த்து ஒரு கை வாங்கினார்.

உள்ளங்கையைப் பார்த்தார். கொஞ்சம் அதிகம் போலத் தெரிந்தது. நாலைந்து விதையைப் பொறுக்கித் திரும்பவும் போத்தலுக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகினார்.