காந்தத்தில் ஒட்டிய நிப்பு

கணக்கு டீச்சர் யாரையும் லேசில் நம்பமாட்டார். முப்பது வருஷம் பரீட்சை அறையில் பிட்டு பிடித்த கண். மாமனாரின் பழைய பேனாவைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு வர மனசில்லாமல், கடையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பேனாக்காரர் பூதக்கண்ணாடியில் மூடியின் வளையத்தைப் பார்த்தார். "அறுபது வருஷத்துக்கு மேல இருக்கும். நல்ல கம்பெனி." லேசாகச் சூடு காட்டிக் கழற்றியதும் உள்ளே மை உறிஞ்சும் ரப்பர் பை பொடியாக உதிர்ந்தது. பிறகு ஒரு சின்னக் காந்தத்தை நிப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"இது தங்கம் இல்லம்மா. முலாம் பூசின இரும்பு."

"எங்க மாமனார் தங்க நிப்புன்னுதான் சொல்லுவார்."

"பேனாவோட வந்தது தங்கம்தான். நடுவுல யாரோ மாத்தியிருக்காங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. சற்றுமுன் போன் பேச வாசலுக்குப் போயிருந்தார், இரண்டு நிமிஷம்.

"நான் வெளியே போனப்ப என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?"

பேனாக்காரர் கோபப்படாமல் பேனாவை டீச்சர் கையிலேயே கொடுத்தார். நிப்பின் அடியில் கல்லாக இறுகிய பசை. அதன்மேல் அடுக்கடுக்காகக் காய்ந்த மை. "இது ரெண்டு நிமிஷத்துல ஆகுற வேலையா, நீங்களே சொல்லுங்க."

டீச்சர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அசையவில்லை. அரை மனசோடு ஒத்துக்கொண்டு, பேனாவைக் கடையில் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் கொழுந்தனார் முகமே கண்முன் வந்தது. நன்றாக எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கெடுத்தது அவர்தான் என்பது அந்த வீட்டில் எல்லோரும் சொல்லும் கதை. சின்ன வயசில் அதற்காக அப்பாவிடம் செம அடி வாங்கியவர். "நான் தொடவே இல்ல" என்று இன்றைக்கும் சொல்வார். யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவர் வீட்டுக்கு வந்திருக்கும்போது ஒரு டம்ளர் உடைந்தாலும் டீச்சரின் பார்வை முதலில் அவர் பக்கம்தான் போகும்.

கணவர் செய்தித்தாளில் மூழ்கியிருந்தார்.

"அது தங்க நிப்பு இல்லையாம். உங்க தம்பி மாத்தி வச்சிருக்கார் போல."

"பழசை ஏன் கிளறுறே? பசையெல்லாம் விட்டுப்போயிருக்கும். தூக்கிப் போடு."

டீச்சர் கைப்பையைக் கீழே வைத்தார். "பசையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே."

செய்தித்தாள் இறங்கவில்லை. பக்கமும் திரும்பவில்லை.

கேட்கக் கேட்கத்தான் வந்தது. காலேஜ் முதல் வருஷம் அப்பாவுக்குத் தெரியாமல் எடுத்துப்போனது, கை நழுவியது, நிப்பு பிளந்தது, கடைத்தெருவில் வாங்கியதை ஒட்டி மேஜையில் வைத்தது. தம்பிக்கு அடி விழுந்தபோது பக்கத்து அறையில் வாயை மூடிக்கொண்டிருந்தது.

"அந்தத் தங்க நிப்பு?"

"சாக்கடையில போட்டேன்."

அதை டீச்சர் முழுசாக நம்பவில்லை. கொழுந்தனாருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். "நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். தப்புதான்."

"அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி."

கணவர் போனோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார். "ஆமாண்டா... நான்தான்" என்றது மட்டும் கேட்டது. இந்தத் தடவையாவது முழுசாகச் சொல்கிறாரா என்று டீச்சர் ஓசைப்படாமல் இரண்டடி நெருங்கி நின்றார்.

அடுத்த வாரம் புது ரப்பர் பையும் பேனாக்காரர் தேடிப்பிடித்த அந்தக் காலத்துத் தங்க நிப்பும் போட்டு பேனா எழுதியது. டீச்சரோடு கடைக்கு வந்து அதை வாங்கிக்கொண்டவர் கொழுந்தனார். மூடியைத் திருகிக் கழற்றி, பேனாவை இரண்டே விரலில் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கீழே போட்டுவிடுவாரோ என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகப் போய்விட்டது.