பட்டி பார்த்த நிலா

என் அத்தான் நிலாவுக்குப் பட்டி பார்த்துவிட்டார்.

நீங்கள் சிரிப்பீர்கள். எனக்கு வயிறு எரிகிறது. கண் தெரியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு, தொட்டுப் பார்த்துப் படிக்க ஒரு பூமியும் ஒரு நிலாவும் செய்துதரச் சொல்லியிருந்தார் டீச்சர். அவருக்கும் பார்வை இல்லை. பூமியைப் பெரிய பானை அளவில் செய்தேன். மலைகளைத் தூக்கிவிட்டு, ஆறுகளைக் கீறி, கடலை வழவழவென்று விட்டேன். நிலாவின் குறுக்களவு பூமியில் ஏறக்குறைய கால் பங்குதான், அதனால் அது ஒரு பந்து. அதன்மேல் ஈரச் சாந்தைப் பூசி, சைக்கிள் சக்கரத்துப் பால்ரஸ் குண்டுகளைச் சின்னதும் பெரிதுமாக எறிந்து எறிந்து குழி போட்டேன். விளிம்பு எழவில்லை என்றால் வழித்துவிட்டு மறுபடியும். முதுகு ஒடிந்துவிட்டது.

அத்தான் வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். வேலை இல்லாத நாளில் என் பட்டறைக்கு வந்து வண்ணம் பூசித் தருவார். இன்று காலை நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் குழி ஒன்று விடாமல் பட்டி மாவால் அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தார். முகத்தில் பெருமை வேறு.

"ஒரே பொத்தலா இருந்துச்சும்மா. இப்படியே குடுத்தா உன் பேரு கெட்டுப் போயிடும்."

"அது பொத்தல் இல்ல அத்தான். விண்கல் விழுந்த குழி."

"அப்ப பூமியில விழலையா? அங்க நீ குழியே போடலையே."

கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"இங்கயும்தான் விழுந்துச்சு. இங்க காத்து இருக்கு, மழை இருக்கு, ஆறு மண்ணை அடிச்சிட்டு வந்து மூடிடுது. அங்க காத்தும் இல்ல, மழையும் இல்ல. விழுந்த குழி கோடிக்கணக்கான வருஷமா அப்படியே கிடக்கு. பட்டி பாக்க ஆள் இல்லாத ஊரு அது. இப்ப நீங்க போயிட்டீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். எனக்கு அடங்கவில்லை. கண் தெரிந்தவர்கள் அண்ணாந்து பார்த்தால் நிலாவில் கறையாவது தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு விரலில் படுவதுதான் நிலா. முட்டையைக் கொடுத்தால் ஆயுசுக்கும் முட்டைதான். சாயங்காலம் டீச்சர் வந்துவிடுவார்.

"சுரண்டிட்டு மறுபடி சாந்து பூசுங்க. குண்டை நீங்கதான் போடணும்" என்றேன். தண்டனையாகத்தான் சொன்னேன். முதல் குழி விழுந்ததுமே அவர் கை தானாகப் பட்டித் தகட்டைத் தேடியது. அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

டீச்சர் வந்தபோது கடைசியாகப் பூசிய சாந்து இன்னும் இறுகவில்லை. பூமியை நிதானமாகத் தடவினார். பிறகு நிலாவைத் தொட்டார். விரல் ஒரு குழியில் இறங்கி, விளிம்பில் ஏறி, அடுத்ததில் இறங்கியது.

"இவ்வளவு அடியா? பூமிக்கு ஒண்ணுமே படலையே."

நான் வாய் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அதுக்கும் பட்டுச்சு டீச்சர். இங்க மூடிவிட மழை இருந்துச்சு. பாவம், நிலாவுக்கு யாரும் இல்ல."

என் வாயிலிருந்து பிடுங்கிய பேச்சு. இருந்தாலும் கோபம் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. அப்போது டீச்சரின் விரல் நின்றது.

"இந்த எடம் மட்டும் ஏன் வழவழன்னு இருக்கு?"

அத்தானைப் பார்த்தேன். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் ஈரச் சாந்து.

இருப்பதில் பெரிய குண்டை எடுத்து டீச்சர் கையில் வைத்தேன். அவர் அதே இடத்தில் வைத்து, உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். விளிம்பு அழகாக எழும்பியது.

"இனிமே யார் மூடினாலும் எனக்குத் தெரியும்" என்றார், அத்தான் நின்ற பக்கம் திரும்பி.