அரை ஆம்பியர்

லைன்மேனின் உடம்பில் ஏறிய மின்சாரம் பதினொரு வருடமாக இறங்கவில்லை. நிறுத்தி வைத்திருந்த லைனில் திடீரென்று சப்ளை வந்தது, அவன் கம்பத்திலிருந்து விழுந்தான், சாகவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி அவனுடைய வலது கையைத் தன் இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துக்காக ஒரு தாளை நீட்டினார்கள். தாளை அழுத்திப் பிடிக்க இடது கையை எடுத்தாள். அவன் மூச்சு நின்றது. பதறிப்போய் மறுபடி பிடித்தாள், மூச்சு வந்தது. டாக்டர் இன்னொரு முறை விடச் சொல்லிப் பார்த்துவிட்டு, போதும் என்றார். வேறு யார் தொட்டாலும் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. அவள் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவள், அதனால் விஷயம் சட்டென்று புரிந்தது. மின்சாரத்துக்கு உள்ளே வர ஒரு வழி வேண்டும், வெளியே போக ஒரு வழி வேண்டும். எங்கிருந்தோ அவன் இடது உள்ளங்கையில் நுழைந்தது, அவள் வழியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே கையைக் கோத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டார்கள், குளியலறைக் கதவைக் கழற்றிவிட்டார்கள். அவள் ஒற்றைக் கையால் காயில் கட்டப் பழகினாள். செம்புக் கம்பியின் நுனியை அவன் இடது கையில் பிடித்துக்கொண்டான். கைப்பிடித்த புருஷன் என்றால் இவன்தான் என்று தெருவில் கேலி செய்தார்கள், அவனும் சிரித்தான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் மீட்டரின் ஒரு முனையை அவன் இடது கையில் கொடுத்து, மறு முனையை எர்த் கம்பியில் வைப்பாள்: 230 வோல்ட். கிளாம்ப் மீட்டரை அவன் மணிக்கட்டில் மாட்டுவாள்: அரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் 460 ஓம். இரண்டையும் பெருக்கினால் 115 வாட். நான்கையும் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவாள். ஓம் மீட்டரை வைத்து நேரடியாகவே தடையை அளக்கலாம், ஆனால் அதற்குச் சப்ளையை நிறுத்த வேண்டும். அவனை நிறுத்திப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

வோல்ட் கடைசிவரை 230 தான். ஆம்பியர்தான் தேய்ந்தது. நான்காம் வருடம் 0.23 ஆனது, தடை ஆயிரம் ஓம், சக்தி 53 வாட். அவன் கோடையிலும் ஸ்வெட்டர் போட்டான், சாப்பிட உட்காரும்போது தொடங்கிய வாக்கியத்தைக் கை கழுவும்போது முடித்தான். அவள் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேர் உள்ளங்கையையும் உப்புத் தண்ணீரால் நனைத்தாள். மணிக்கட்டுகளைச் சேர்த்துச் செம்புக் கம்பியால் சுற்றினாள், காலுக்குக் கீழே செம்புத் தகடு போட்டாள், எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டித் தினமும் நான்கு குடம் தண்ணீர் ஊற்றினாள். எதுவும் எடுபடவில்லை. உங்கள் உடம்பில் எங்கேயோ ஜாயிண்ட் லூஸாக இருக்கிறது என்று அவனைத் திட்டினாள், திட்டிவிட்டு அழுதாள். பதினோராம் வருடம் சுவரில் 0.1 என்று எழுதினாள். 2300 ஓம், 23 வாட். வாரா வாரம் குறைகிற வேகத்தைப் பார்த்தால் இரண்டு மாதம் தாங்காது. அன்றுதான் மானத்தை விட்டு அண்ணனுக்குச் சொல்லியனுப்பினாள்.

அண்ணன் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மத்தியானம் வந்து, லைன்மேன் முகத்தைப் பார்க்காமல் மீட்டரை எடுத்தான். மொத்தமாக அளந்தால் கோளாறு எங்கே என்று தெரியாது, பகுதி பகுதியாக அளக்க வேண்டும் என்றான். ஒரே வழியில் ஓடும் மின்சாரத்துக்கு எங்கே தடை அதிகமோ அங்கேதான் வோல்ட் அதிகமாகச் செலவாகும். லைன்மேனின் இடது கையிலிருந்து வலது கைவரை அளந்தான்: 26 வோல்ட். தங்கையின் கையிலிருந்து தரைவரை அளந்தான்: 204.

"தடை மாப்பிள்ளைகிட்ட இல்ல, பாப்பா. உன்கிட்டதான் இருக்கு."

அவள் சுவரைப் பார்த்தாள். பதினொரு வருடம் தன்னையும் சேர்த்து அளந்து, எல்லாவற்றையும் அவன் கணக்கில் எழுதியிருந்தாள். அவன் தடை வெறும் 260 ஓம். முதல் நாளும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவளுடையது 2040. இருபத்து மூன்று வாட்டில் இருபதுக்கு மேல் அவளிடமே தீர்ந்தது, அவன் உயிரோடு இருந்தது இரண்டரை வாட்டில்.

"சொல்லிடு. ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணோம். என்னால இனிமே முடியாது," என்று அவள் காதோடு சொன்னான் அண்ணன்.

"சொன்னா என் கையிலயே போயிடுவாருண்ணே."

"சொல்லலன்னாலும் போயிடுவாரு."

விபத்தன்று ஒரு மாவு மில்காரர் மோட்டாருக்காக அவள் தலைமேல் நின்றார். ஓட்டிக் காட்ட இரண்டு நிமிஷம் சப்ளை கொடு என்று அண்ணனுக்குப் போன் செய்தாள். மணி ஒன்று இருபது. ஒரு மணிக்கு மேல் லைன்மேன் கம்பத்தில் இருந்ததே இல்லை, சாப்பிட இறங்கிவிடுவான். அண்ணனும் அந்த நம்பிக்கையில், இறங்கிவிட்டேன் என்று லைன்மேன் சொல்வதற்கு முன்பே சுவிட்சைப் போட்டான். விசாரணை அறிக்கையில் காரணம் தெரியவில்லை என்று எழுதினார்கள்.

"ஏங்க, அன்னிக்குக் கரண்ட் விடச் சொன்னது நான்தாங்க."

லைன்மேன் உதடு அசைந்து ஒரு சொல் வெளியே வர, ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரம் ஆனது.

"தெரியும்."

கிளாம்ப் மீட்டரில் 0.1 என்பது 0.2 ஆனது. அடுத்த வாக்கியம் கொஞ்சம் சீக்கிரம் வந்தது.

"விழறதுக்கு முன்னாடி மோட்டார் சத்தம் கேட்டுச்சு. உன் பட்டறைலேருந்து. நல்லாத்தான் ஓடுச்சு," என்றான்.

"அப்பவே தெரிஞ்சும் ஏங்க இத்தனை வருஷம் வாயத் தொறக்கல?"

"சொன்னா, ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திட்டு அழுவியோன்னு பயந்தேன்."

அவள் வலது கையால் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் மீட்டரைப் பார்த்தபடி 0.3 என்றான், 0.4 என்றான். சாயங்காலத்துக்குள் லைன்மேன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, பதினொரு வருடமாக மச்சானுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காத வீடு இது என்று மனைவியைக் கேலி செய்தான்.

மீட்டர் 0.46இல் நின்றது. 500 ஓம். மறுநாளிலிருந்து சுவரில் அவனுக்கு ஒரு வரி, அவளுக்கு ஒரு வரி என்று தனித்தனியாக எழுதினார்கள். அவன் 260, அவள் 240. பழைய அரை ஆம்பியர் திரும்ப வரவே இல்லை. அந்தக் கடைசி நாற்பது ஓம் எதற்காக என்று அவன் கேட்கவில்லை. அடுத்த வாரம் மாவு மில்காரர் வேறொரு மோட்டாரைக் கொண்டுவந்து, எப்போது கிடைக்கும் என்றார். ஒற்றைக் கை வேலை, பத்து நாளாகும் என்றாள் அவள். அவர் சரி என்று போனார்.