எந்த இடத்தில் கோடு

நாத்தனார் பேருந்து நடத்துனர். நாளெல்லாம் நின்றே வேலை. அவளுடைய வலதுகால் பெருவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறிவிட்டது. "டிக்கெட் எடுக்காம ஏறிட்டான் அண்ணி, இறக்கி விடுங்க" என்று சிரித்தபடிதான் வந்தாள். அண்ணி எலும்பு அறுவை மருத்துவர்.

எக்ஸ்ரே படத்தில் விரல் எலும்புக்கு ஒரு கோடு, அதன் பின்னாலிருக்கும் பாத எலும்புக்கு ஒரு கோடு. இடையிலுள்ள கோணம்தான் கணக்கு. அண்ணி அளந்ததில் முப்பத்துநான்கு டிகிரி வந்தது. சக மருத்துவருக்கு நாற்பத்தொன்று. கோணம் நாற்பதுக்குக் குறைவென்றால் எலும்பைச் சற்று வெட்டி நகர்த்தினால் போதும். அதிகமென்றால் நடுப்பாதத்தில் ஒரு மூட்டு அசையாதபடி திருகு போட்டு இறுக்க வேண்டும்.

"நடுவுல ஒண்ணு வச்சுக்கலாமே" என்றார் சக மருத்துவர்.

"இது என்ன காய்கறிக் கடையா, பேரம் பேச?"

அண்ணி மறுபடி அளந்தாள். இம்முறை அவளுக்கே முப்பத்தெட்டு. அறுவையைத் தள்ளிப்போட்டாள்.

"லீவு கெஞ்சி வாங்கியிருக்கேன். அண்ணன்கிட்ட சொல்லிடுவேன்!" நாத்தனார் கொதித்தாள்.

"சொல்லு. படம் எடுக்கும்போது நின்னியா?"

"வலிக்குதுன்னேன். உக்கார வச்சுத்தான் எடுத்தாங்க."

பாரம் இறங்காத பாதத்தை அளந்து என்ன பயன்? நிற்க வைத்துப் புதிதாக எடுக்கச் சொன்னாள். வளைந்த எலும்பில் ஆளுக்கொரு இடத்தில் கோடு போட்டதும் குழப்பத்துக்குக் காரணம். எந்தெந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று இருவரும் சண்டை போட்டே முடிவு செய்தார்கள். பிறகு பெயரை மறைத்து, வேறு படங்களோடு கலந்து, தனித்தனியே இரண்டு முறை அளந்தார்கள்.

நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று. அதைத் தாண்டி யாருடைய அளவும் நகரவில்லை.

"நான் அப்பவே சொன்னேனே" என்றார் சக மருத்துவர்.

"சொன்னீங்க. அது குருட்டாம்போக்குல வந்தது. இதை நம்பி வெட்டலாம்."

சின்ன அறுவையாக இருக்க வேண்டும் என்று அண்ணி உள்ளூர ஆசைப்பட்டிருந்தாள். அதை விழுங்கிக்கொண்டு நாத்தனாரிடம் போனாள்.

"பெரிய ஆபரேஷன்தான். மாசக்கணக்குல ஆகும்."

நாத்தனார் அந்த விரலைத் தொட்டுப் பார்த்தாள். "மறுபடியும் ஏறிக்காதுல்ல?"

"அந்தப் பயம் ரொம்பக் கம்மி."

"அப்ப பண்ணுங்க."

அறுவை முடிந்து தையல் ஆறும்வரை நாத்தனார் வீட்டிலிருந்த எல்லோரையும் அதட்டியே பொழுதைப் போக்கினாள். விரல் நேராக நின்றது. சில மாதங்கள் கழித்து வேலைக்குத் திரும்பியவள் முதல் நாள் மாலையே தொலைபேசியில் கத்தினாள்: "முழு ஷிப்டும் நின்னேன், அண்ணி!"