வளையலுக்கு அடியில்

வளைகாப்பு முடிந்து ராஜாமணி வேலைக்குப் போன அன்றே, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தலைமை நர்ஸ் ஜெயம் அவளை மறித்துவிட்டார். அவள் இரண்டு கைகளிலும் மணிக்கட்டே தெரியாமல் கண்ணாடி வளையல்கள்.

"கழட்டிட்டு உள்ள வாம்மா. அடியில அழுக்கு தங்கும். முடியாதுன்னா, பிரசவம் ஆகுற வரைக்கும் வெளியில உக்காந்து நோயாளிங்களுக்குச் சீட்டு எழுது. நாளைக்குச் சொல்லிடு."

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நான்கே கட்டில்கள் கொண்ட அந்த அறையில் நர்ஸ் வேலை கிடைக்க ராஜாமணி பட்ட பாடு கொஞ்சமல்ல. விழுப்புரத்தில் மாமியார் அஞ்சம்மாளோ, வலி எடுக்கும்வரை வளையல் இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் அடுக்கியிருந்தாள்.

ரயிலில் திரும்பும்போது ராஜாமணியை ஒரு சந்தேகம் குடைந்தது. நாள் முழுக்க சோப்புப் போட்டுக் கழுவுகிற கை. அதில் அப்படி என்னதான் தங்கும்?

வீட்டுக்கு வந்தவள் புடவைகூட மாற்றவில்லை. சிம்னி விளக்கின் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, வளையலுக்கு அடியிலும் விடாமல் பூசிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியருகே உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது வேஷம்?" என்று வந்தாள் அஞ்சம்மாள்.

"ஆஸ்பத்திரியில கழுவுற மாதிரியே கழுவப் போறேங்க அத்தை. கரி போவுதா பாக்கணும்."

"போவாம? நல்லாத் தேய்."

விரலிடுக்கு, நகக்கண், புறங்கை எல்லாம் வெளுத்தன. அஞ்சம்மாளுக்கு ஒரே பெருமை. ராஜாமணி வளையல்களை மேலே தள்ளினாள். அடியில் வரிவரியாகக் கரி.

"உனக்குத் தேய்க்கத் தெரியல. குடு இப்படி."

அஞ்சம்மாள் தானே தேய்த்தாள். போகவில்லை. விடாமல் தன் கையிலும் பூசிக் கழுவினாள். அவள் வளையலுக்கு அடியிலும் அதே வரி. அந்நேரம் உள்ளே வந்த மகன் சக்கரபாணி, "ரெண்டு பேரும் அடுப்புல விழுந்துட்டீங்களா?" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அங்க எப்பிடிப்பட்டவங்கடி படுத்திருக்காங்க?"

"ஒரு அக்காவுக்கு வயித்துல பெரிய தையலுங்க. நாந்தான் கட்டு மாத்தணும்."

அஞ்சம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு மருமகளின் கையை இழுத்து மடியில் வைத்துச் சோப்பை நுரைக்க நுரைக்கத் தடவினாள்.

"உன் வயித்துல ஒரு புள்ளைய வெச்சிக்கினு, இன்னொருத்தி வயித்துல அழுக்க வெக்கலாமா? வீட்ல இருக்கும்போது போட்டுக்க. போறப்ப நான் கழட்டி விடுறேன்."

வீங்கிய கையிலிருந்து வளையல்கள் ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்றுகூட உடையவில்லை. கடைசி வளையலும் வந்த பிறகுதான் ராஜாமணி மூச்சுவிட்டாள்.

"ஏன்டி, உங்க பெரிய டாக்டரு மோதிரம் போட்டுக்கினு இருக்காரா?"

"செவப்புக்கல்லு மோதிரங்க."

"கை கழுவறப்ப கழட்டுவாரா?"

ராஜாமணி யோசித்துப் பார்த்தாள். தினமும் பக்கத்திலேயே நின்றும் அவள் அதைக் கவனித்ததேயில்லை.

"தெரியலீங்களே அத்தை!"

"நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்லு" என்ற அஞ்சம்மாள், மிச்சமிருந்த கரியை ஒரு பவுடர் டப்பாவில் வழிக்க ஆரம்பித்தாள். "இதையும் எடுத்துக்கினு போ. வேண்டியிருக்கும்."