தாளிக்காத குழம்பு

வெயில் ஏற ஏறச் சின்னம்மை குறைகிறது என்று வெண்மதியின் கணக்கு சொன்னது. கடலூரில் அவளுக்குப் புள்ளியியல் ஆராய்ச்சி வேலை. பருவநிலை மாறினால் எந்தத் தொற்றுநோய் கூடும், எது குறையும் என்று பார்ப்பது. ஆஸ்பத்திரிகள் அனுப்பிய எண்கள் பங்குனி, சித்திரையில் படுத்துவிடுகின்றன. ஏன் என்றுதான் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, எண் இருக்கிறதே என்றார் மேலதிகாரி ராஜவேல். மறுநாள் கூட்டத்தில் அவள் அதைப் படிக்க வேண்டும். அவள் பெயரில் வரப்போகும் முதல் ஆய்வு.

சிதம்பரத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு, பக்கத்திலேயே கீரப்பாளையத்தில் இருக்கும் அக்கா மங்கலத்தின் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். மாரியம்மன் திருவிழா, தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். சொல்லாமல் வந்து நிற்கிறாயே என்று அக்கா வாசலிலேயே தயங்கினாள். பிறகு, உனக்குத்தான் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டதே, வா என்றாள். என்ன வந்து போனது என்று கேட்பதற்குள் இலை போட்டாயிற்று.

குழம்பில் கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை. ரசமும் அப்படியே.

"என்னக்கா, எண்ணெ தீந்துபோச்சா?"

"வாய மூடுடி. ரேகாவுக்கு முத்து போட்டிருக்கு. வூட்ல தாளிக்கக் கூடாது."

அக்காவின் மகள் ரேகா உள்ளறையில் வேப்பிலைமேல் படுத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்று வெண்மதி கேட்டாள்.

"காப்பு கட்டுன நேரத்துல ஆத்தாளே வந்திருக்கா. ஊசி போட்டுத் தொரத்தச் சொல்றியா?"

"மழக்காலத்துல வந்தா?"

"அப்ப என்ன ஏதுன்னு பயமா இருக்கும். டாக்டர்கிட்ட ஓடுவோம்."

வெண்மதியின் கை இலையிலேயே நின்றது. வெயிலில் குறைந்தது அம்மையாகவே இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களாகவும் இருக்கலாம்.

ராஜவேலுக்குப் போன் போட்டாள். ஒரு வீட்டுக் குழம்பை வைத்து ஆராய்ச்சியை நிறுத்துவாயா, நாளைக்கு எதைப் படிப்பாய் என்று அவர் கேட்டார்.

"கொறையுதுன்னு இனிமே சொல்ல முடியாது சார். கூடுதான்னும் தெரியல. அதையே சொல்றேன்."

அவர் போனை வைத்துவிட்டார். வெண்மதியின் மனதை வேறொன்று குடைந்துகொண்டிருந்தது. அம்மை வந்ததா என்று அயலாள் கேட்டால், ஆத்தா காரியம் என்று இங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வேறு எதைக் கேட்கலாம்? கையைக் கழுவிக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"உங்க வூட்ல கடைசியா தாளிக்காம சமைச்சது எந்த மாசம்?"

அந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா, கடுகு விக்கிற கம்பெனியா?" என்றவள், தூணில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். "மருமவளுக்கு மாசியில. போன சித்திரையில பேத்திங்க ரெண்டு பேருக்கும். இரு, பக்கத்து வூட்டுக்காரியையும் கூப்புடுறேன்."